பழைய பத்திரிகைகளைக் காத்த பெருமகன் ஜோர்ஜ் தோமசன்

பத்திரிகைக்கு ஆயுள் ஒரு நாள் என்பார்கள். காலையில் ஆவலோடு வாங்கி வாசித்த தாள் மாலையில் ஒரு மூலையில் கிடக்கும். அடுத்த வாரம் அது கடையில் சரை சுற்ற உதவும். அல்லது அடுப்பு மூட்டப் போய்விடும். புத்தகங்களை அலுமாரியில் அடுக்கி வைப்பவர்கள்கூடப் பத்திரிகைகளை அடுக்கி வைப்பதில்லை. ஆனால் இவ்வாறு கழித்து விடப்படும் தாள்களே நூறு, இருநூறு ஆண்டுகள் சென்றபின் கிடைத்தற்கரிய பொருளாகி விடுகின்றன. ஓர் ஊரிலே இன்ன நாளில் மக்கள் எதைப் பேசினார்கள், எதற்கு அஞ்சினார்கள், எதை நம்பினார்கள் என்பதை அறிய அவற்றைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

இவ்வுண்மையை 380 ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து, தம் வாழ்நாளின் இருபது ஆண்டுகளை அதற்காகவே செலவிட்டவர் ஒருவர் இங்கிலாந்திலே வாழ்ந்தார். அவர் அரசரல்லர், பிரபுவுமல்லர், பல்கலைக்கழகப் பேராசிரியரும் அல்லர். இலண்டன் மாநகரிலே புத்தகக் கடை வைத்திருந்த ஒரு வியாபாரி. அவரது பெயர் ஜோர்ஜ் தோமசன். இங்கிலாந்தின் வரலாற்றை ஆராய்வோர் அனைவருக்கும் இன்று நன்கு தெரிந்த பெயர் அது. அன்னாரின் வாழ்க்கையைச் சுருக்கமாக எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் தொழிலும்

தோமசன் 1602ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள செஷயர் பகுதியிலே பிறந்தார். இளவயதிலேயே இலண்டனுக்கு வந்து, ஹென்றி பெதர்ஸ்ரன் என்னும் புத்தக வியாபாரியிடம் தொழில் பழகும் மாணாக்கராகச் சேர்ந்தார். அக்காலத்திலே எத்தொழிலையும் இவ்வாறு ஒருவரிடம் பல ஆண்டுகள் தங்கிப் பழகிய பின்னரே தனித்துச் செய்யலாம். 1626ஆம் ஆண்டு அச்சிடுவோரும் நூல் விற்போரும் சேர்ந்த சங்கத்தில் அவர் முழு அங்கத்தவரானார். பின்னர் தம் ஆசானின் மருமகளான கதரின் ஹற்றன் என்பவரை மணந்து கொண்டார். இல்லறம் நல்லறமாக நடந்தது. பிள்ளைகள் பலர் பிறந்தனர்.

அவருடைய கடை புனித பவுல் பேராலயத்தின் வெளிவீதியில் இருந்தது. ரோசாவும் முடியும் என்பது அக்கடையின் அடையாளப் பலகை. எம்மவர்க்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய கோயில்களின் வீதியைச் சுற்றிக் கடைகள் அமைந்திருப்பது போலவே அப்பேராலயத்தைச் சுற்றியும் கடைகள் நெருங்கியிருந்தன. அவற்றுள் மிகப் பல புத்தகக் கடைகள். நாட்டிலே அச்சாகும் எந்த நூலும் முதலில் வந்து சேருமிடம் அவ்வீதிதான். செய்தி அறிய விரும்பியோரும் அங்கேதான் கூடினர்.

தோமசன் கடல் கடந்தும் வியாபாரம் செய்தார். இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து அரிய நூல்களை வரவழைத்து, 1647இல் அவற்றின் பட்டியலொன்றையும் அச்சிட்டார். அவர் இத்தாலியிலிருந்து கொணர்ந்த எபிரேய மொழி நூற்றொகுதி ஒன்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு வழங்குவதற்கெனப் பாராளுமன்றம் 1648இல் 500 பவுண் ஒதுக்கியது. ஆகவே அவர் நூல்களின் பெறுமதியை நன்கு மதிக்கத் தெரிந்தவர் என்பதில் ஐயமில்லை. அத்தகைய ஒருவரே எவரும் மதிக்காத ஒரு பென்னிப் பத்திரிகைகளைச் சேர்க்கத் தொடங்கினார் என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது.

அக்கால இங்கிலாந்து

அந்நாளில் இங்கிலாந்தை ஆண்டவர் முதலாம் சார்ள்ஸ் மன்னர். அவர் 1629 முதல் பதினொரு ஆண்டுகள் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆட்சி செய்தார். அச்சுத்தொழில் கடும் கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. 1637ஆம் ஆண்டின் ஆணைப்படி இலண்டனில் இருபது அச்சக முதலாளிகள் மாத்திரமே தொழில் செய்யலாம். அனுமதியின்றி எதையும் அச்சிடலாகாது. அதே ஆண்டில் திருச்சபை மேலோரைக் கண்டித்து எழுதிய பிறின் முதலிய மூவருடைய காதுகள் மக்கள் பார்த்திருக்க அறுக்கப்பட்டன. வெளிநாட்டுச் செய்திகளைத் தாங்கிய தாள்கள் இடையிடையே வந்ததுண்டு. ஆனால் உள்நாட்டுச் செய்தியை அச்சிட எவருக்கும் துணிவு வரவில்லை.

1640ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி, பணமுடை காரணமாக மன்னர் மீண்டும் பாராளுமன்றத்தைக் கூட்ட நேர்ந்தது. நீண்ட பாராளுமன்றம் என்று வரலாறு கூறுவது இதனையே. அப்பாராளுமன்றம் காதறுபட்ட மூவரையும் சிறையிலிருந்து விடுவித்தது. எழுத்தாளரைத் தண்டித்து வந்த ஸ்ரார் சேம்பர் என்னும் நீதிமன்றத்தை 1641 ஜூலையில் ஒழித்தது. அணை உடைந்தாற்போல அச்சியந்திரங்கள் யாவும் வேலை செய்யத் தொடங்கின. 1641 நவம்பர் இறுதியில் பாராளுமன்றச் செய்திகளைச் சொல்லும் வாரப் பத்திரிகை முதன் முதலாக வெளிவந்தது. எட்டுப் பக்கம், விலை ஒரு பென்னி. அதனைப் பின்பற்றிப் பல பத்திரிகைகள் தோன்றின. 1642இல் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே போர் மூண்டதும் இரு பக்கத்தாரும் வாளோடு எழுதுகோலையும் ஏந்தினர்.

சேகரிப்பின் தொடக்கம்

பாராளுமன்றம் கூடிய அந்த மாதத்திலிருந்தே தோமசன் சேர்க்கத் தொடங்கினார். தம் கடைக்கு வருவனவற்றை மட்டுமன்றி, வீதியிலே கூவி விற்கப்பட்ட துண்டுப்பிரசுரங்களையும், வாரப் பத்திரிகைகளையும், மக்கள் கொடுத்த விண்ணப்பங்களையும், பிரசங்கங்களையும், பாட்டுத் தாள்களையும், ஒற்றைத் தாள் அறிவித்தல்களையும் தேடி வாங்கினார். தம் வேலையாட்களையும் இதற்கு அனுப்பினார். 1642 என்ற ஒரே ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 2,000 பிரசுரங்கள் அவர் கைக்கு வந்தன. இருபது ஆண்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், சராசரியாக நாளொன்றுக்கு மூன்று வீதம் அவர் சேர்த்திருக்கிறார்.

அவரது சேகரிப்பின் தலையாய சிறப்பு நடுவுநிலைமையாகும். அவருக்கென ஒரு கட்சி இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் அவர் பாராளுமன்றத்தின் பக்கம் நின்றார். பின்னர் படையினரின் ஆதிக்கம் மேலோங்கிய போது அதனை வெறுத்து, மன்னரோடு இணக்கம் காண வேண்டும் என்று கருதினார். எனினும் தமக்குப் பிடித்தவற்றை வைத்துக்கொண்டு பிடிக்காதவற்றை எறிந்துவிடும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. மன்னர் பக்கத்தார் 1643 முதல் ஒக்ஸ்போர்ட்டில் அச்சிட்டு இரகசியமாக இலண்டனுக்கு அனுப்பிய பத்திரிகையும் அவரிடம் உண்டு. அதற்கு மறுமொழியாகப் பாராளுமன்றத்தார் வெளியிட்ட பத்திரிகையும் அவரிடம் உண்டு. நிலம் எல்லார்க்கும் பொது என்று வாதிட்ட ஏழைகளின் எழுத்தும் உண்டு. அவர்களை ஏசிய எழுத்தும் உண்டு.

இதனால் விளைந்த பயனுக்கு ஓர் உதாரணம் கூறலாம். மார்ச்மொன்ற் நீடம் என்று ஒரு பத்திரிகையாளர் இருந்தார். அவர் முதலில் பாராளுமன்றத்துக்காக எழுதி மன்னரை இகழ்ந்தார். 1647இல் பக்கம் மாறி மன்னருக்காக எழுதினார். 1650இல் மீண்டும் மாறிப் புதிய குடியரசின் பத்திரிகையை நடத்தினார். 1655இல் ஆட்சித் தலைவர் குறொம்வெல் ஏனைய பத்திரிகைகளை நிறுத்தியபோது எஞ்சிய இரண்டும் இவருடைய கையிலேயே இருந்தன. ஒரே பேனா மூன்று பக்கமும் எழுதிய இக்கதையை இன்று எவரும் தாளைப் புரட்டிப் பார்த்து அறியலாம். ஒரு பக்கத்துப் பத்திரிகையை மட்டும் தோமசன் சேர்த்திருந்தால் இது இயலுமா?

அச்சிட எவரும் துணியாத எழுத்துக்களும் அக்காலத்தில் கைக்குக் கை மாறின. அவற்றையும் அவர் விட்டுவிடவில்லை. கையாற் பிரதி செய்வித்து ஏனையவற்றோடு சேர்த்துக் கட்டினார். அவ்வாறான கையெழுத்துப் பிரதிகள் ஏறத்தாழ நூறு இன்றும் உள்ளன. இவை பிடிபட்டிருந்தால் அவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நாள் குறிக்கும் வழக்கம்

அக்காலப் பிரசுரங்களின் முகப்பிலே ஆண்டு மாத்திரமே அச்சிடப்படும். மாதமும் திகதியும் இரா. தோமசன் ஒரு பிரசுரம் தம் கைக்கு வந்தவுடன் பேனாவை எடுத்து அன்றைய திகதியை அதன் முகப்பில் எழுதினார். எழுதியவர் பெயர் மறைக்கப்பட்டிருந்து தமக்குத் தெரியுமாயின் அப்பெயரையும் எழுதினார். அச்சிட்ட இடம் பொய்யாகக் கூறப்பட்டிருந்தால் உண்மையான இடத்தைக் குறித்தார். பின்பு திகதி ஒழுங்கில் அடுக்கி, தொகுதி தொகுதியாகக் கட்டுவித்தார்.

இது சிறு வேலை போலத் தோன்றும். ஆனால் வரலாற்றறிஞர்கள் அவருக்கு என்றும் கடமைப்பட்டிருப்பது இதற்காகவே. ஒரு போர் நடந்த செய்தி இலண்டன் மக்களுக்கு எந்த நாளில் எட்டியது, ஒரு குற்றச்சாட்டு முதலில் வந்ததா அதற்கான மறுப்பு முதலில் வந்ததா என்பனவெல்லாம் அந்தத் திகதிகளால்தான் தெளிவாகின்றன. 1649 ஜனவரி 30ஆம் திகதி சார்ள்ஸ் மன்னர் சிரச்சேதம் செய்யப்பட்டார். மன்னரே தம் துயரங்களை எழுதியதாகச் சொல்லப்பட்ட நூலொன்று அதனையடுத்து வெளிவந்து நாடெங்கும் பரவியது. தோமசன் தம் பிரதியிலே குறித்த நாள் பெப்ரவரி 9. மன்னர் இறந்து பத்தே நாளில் அந்நூல் கடைவீதிக்கு வந்துவிட்டது என்று நாம் அறிவது அந்தக் கையெழுத்தாலேயாகும்.

இங்கிலாந்தின் மகாகவி ஜோன் மில்ற்றன் தோமசனின் நண்பர். நூல்களை அச்சிட முன் அரசின் அனுமதி பெற வேண்டும் என்று பாராளுமன்றம் 1643இல் மீண்டும் சட்டஞ் செய்தபோது, அதனை எதிர்த்து மில்ற்றன் அரியோபஜிற்றிக்கா என்னும் புகழ்பெற்ற நூலை எழுதினார். அதன் பிரதியொன்றைத் தோமசனுக்கு அன்பளிப்பாக வழங்கினார். ஆசிரியரே தந்தது என்ற குறிப்பும் 1644 நவம்பர் 24 என்ற திகதியும் அப்பிரதியில் உள்ளன. 1646 டிசம்பரில் தோமசனின் மனைவி கதரின் காலமானபோது மில்ற்றன் அவ்வம்மையாரின் பத்தியையும் ஈகையையும் போற்றி ஒரு கவிதை பாடினார். இருபதாண்டுப் பணியில் ஆறு ஆண்டுகள் கழிந்ததுமே இல்லாளை இழந்த தோமசன், பிள்ளைகளையும் கடையையும் பார்த்துக்கொண்டு, நாள்தோறும் திகதி குறிக்கும் வேலையையும் கைவிடவில்லை.

மன்னர் இரவல் வாங்கிய நூல்

தோமசனிடம் எல்லாம் கிடைக்கும் என்ற செய்தி மன்னரின் காதுக்கும் எட்டியிருந்தது. 1647ஆம் ஆண்டில், போரிலே தோற்று எதிரிகளின் காவலில் இருந்த மன்னர், வேறெங்கும் கிடைக்காத ஒரு பிரசுரத்தைப் பார்க்க விரும்பி ஆளனுப்பினார். தோமசனுக்குத் தயக்கம். ஒரு பிரசுரம் தொலைந்தால் தொடர் அறுந்துவிடும். ஆனாலும் கேட்பவர் மன்னர். அதுவும் துன்பத்தில் இருக்கும் மன்னர். ஆகவே அதனைக் கொண்ட தொகுதியை அனுப்பி வைத்தார்.

அவ்வாண்டு நவம்பரிலே மன்னர் ஹம்ரன் அரண்மனையிலிருந்து தப்பி வைற் தீவை நோக்கிச் சென்றார். வழியில் அந்நூல் அவர் கையிலிருந்து தவறிச் சேற்றிலே விழுந்துவிட்டது. உயிருக்கு அஞ்சி ஓடும் அந்த வேளையிலும் மன்னர் உடன் சென்ற இருவரை அழைத்து, அதனை உரியவரிடம் விரைவில் ஒப்படைக்குமாறு பணித்தார். நூல் திரும்பி வந்தது. தோமசன் சேற்றுக் கறையை அழிக்க முயலவில்லை. நடந்ததை முழுவதும் அத்தொகுதியிலேயே எழுதி வைத்தார். கறையும் குறிப்பும் அத்தொகுதியோடு நிலைத்துவிட்டன. இரவல் வாங்கிய நூலைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிடும் நம்மனோர்க்கு இந்நிகழ்ச்சி ஒரு பாடமாகும்.

பெட்டிகளின் இடப்பெயர்வு

போர்க்காலத்திலே இத்தொகுதிகளைக் காப்பாற்றியது சேர்த்ததைவிடப் பெரும்பாடாயிற்று. எந்தப் படை நகருக்குள் வந்தாலும் அதற்குப் பகையான எழுத்து தோமசனிடம் இருக்கும். ஒரு சோதனை வந்தால் எல்லாம் தீக்கிரையாகும், அவரும் தப்பமாட்டார். ஆகவே அவர் எல்லாவற்றையும் றங்குப் பெட்டிகளில் அடைத்து, சறே பகுதியிலிருந்த நம்பிக்கைக்குரிய நண்பர் ஒருவரிடம் அனுப்பினார். படை அப்பக்கமாகத் திரும்பும் என்று அஞ்சியதும் பெட்டிகள் மீண்டும் இலண்டனுக்கு வந்தன. பின்னர் எசெக்ஸ் பகுதிக்குச் சென்றன. அங்கும் பயம் தோன்ற மறுபடியும் திரும்பின. ஒல்லாந்துக்குக் கப்பலேற்றி விடலாமா என்றும் எண்ணினார். ஆனால் கடலிலே கப்பல் மூழ்கினால் இன்னொரு பிரதி உலகில் இல்லையே என்று அஞ்சி அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

இறுதியில் தம் பண்டகசாலையிலேயே ஒரு வழி கண்டார். தொகுதிகளை அறையின் சுற்றிலும் மேசைகள் போல அடுக்கி மேலே படங்கு போட்டு மூடினார். உள்ளே வருவோர் கண்ணுக்கு அவை மேசைகளாகவே தெரிந்தன. இவ்வளவும் போதாதென்று, தொகுதி முழுவதையும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு விற்றுவிட்டதாகப் பாவனை செய்து, 1,000 பவுண் பெற்றுக்கொண்டதாகப் பற்றுச்சீட்டும் எழுதி வைத்தார் என்று பிற்கால விற்பனை அறிவித்தல் ஒன்று கூறுகிறது. ஒரு தனிமனிதனின் சொத்தைப் பறிக்கத் துணிவோர் ஒரு பல்கலைக்கழகத்தின் சொத்தில் கைவைக்கச் சற்றுத் தயங்குவர் என்பது அவரது கணக்கு.

இடம்பெயர்ந்து அலைந்த அனுபவம் எமது மக்களுக்கும் உண்டு. புறப்படும் வேளையில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தடுமாறியவர்கள் நாம். அரிசியையும் நகையையும் எடுத்தோம். காணி உறுதியை எடுத்தோம். பழைய கடதாசிகளை விட்டுவிட்டு வந்தோம். அதற்காக எவரையும் குறைகூற முடியாது. உயிரே பெரிதாயிருந்த காலம் அது. ஆனால் அப்படியொரு காலத்தில் கடதாசிகளையே முதலில் எடுத்த ஒருவர் இருந்தார் என்பதை அறியும்போது அவர் மீது மதிப்பு உண்டாகிறது.

சிறைவாசம்

மன்னர் கொல்லப்பட்ட பின் இங்கிலாந்து குடியரசாயிற்று. மன்னரின் மகனை மீண்டும் அரியணையில் ஏற்ற வேண்டும் என்று விரும்பியோர் இரகசியமாக முயன்றனர். கிறிஸ்ரோபர் லவ் என்னும் மதகுரு இம்முயற்சிக்காக 1651 ஆகஸ்ற் மாதத்தில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவ்விடயத்தில் தொடர்புடையவர் என்று தோமசனும் அவ்வாண்டு கைதாகி ஏழு வாரங்கள் சிறையிருந்தார். வெளியே வந்ததும் மறுபடியும் பிரசுரங்களைத் தேடி வாங்கித் திகதி குறிக்கத் தொடங்கினார். தம்மைச் சிறையிலிட்ட அரசின் அறிவித்தல்களையும் அதே கையெழுத்தில் அதே ஒழுங்கில் திகதியிட்டு வைத்தார்.

பணியின் நிறைவு

1660 மே மாதத்தில் இரண்டாம் சார்ள்ஸ் நாடு திரும்பி மன்னரானார். காற்றுத் திசை மாறியது. இப்போது மன்னருக்கு எதிராக எழுதியவர்களின் நூல்கள் தேடித் தேடி எரிக்கப்பட்டன. மில்ற்றனின் இரு நூல்களை எரிக்குமாறு அவ்வாண்டு ஆகஸ்ற் மாதத்தில் கட்டளை பிறந்தது. ஆனால் மன்னர் பக்கம் சாய்ந்தவரான தோமசனின் அடுக்கிலே மில்ற்றனின் எழுத்தும் பத்திரமாக இருந்தது. ஒரு காலத்தில் ஒரு கட்சியிடமிருந்து காக்கப்பட்ட தொகுதி, மறுகாலத்தில் மறு கட்சியிடமிருந்தும் காக்கப்பட வேண்டியதாயிற்று.

1661 ஏப்ரல் 23ஆம் திகதி புதிய மன்னரின் முடிசூட்டு விழா நடைபெற்றது. அத்தோடு தம் பணி முடிந்ததெனத் தோமசன் கருதினார். ஒரு பாராளுமன்றம் கூடியதிலிருந்து ஒரு மன்னர் முடிசூடியது வரை இருபது ஆண்டும் ஐந்து மாதமும் கொண்ட ஒரு யுகத்தை அவர் காகிதத்தில் பிடித்து வைத்துவிட்டார். மொத்தம் 22,000இற்கும் மேற்பட்ட பிரசுரங்கள். அவற்றுள் ஏறத்தாழ 7,200 பத்திரிகை இதழ்கள். யாவும் ஏறக்குறைய 2,000 தொகுதிகளாகக் கட்டப்பட்டன. அவற்றுக்குக் கையெழுத்திலே பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட பட்டியலும் உண்டு.

இதற்கு 4,000 பவுண் தருவதாக வந்த கேள்வியை அவர் ஏற்கவில்லை என்று அந்த விற்பனை அறிவித்தல் கூறுகிறது. தொகுதி சிதறாமல் ஒரு நல்ல நூலகத்தைச் சேர வேண்டும் என்பதே அவரது விருப்பம். ஒக்ஸ்போர்ட் பொட்லி நூலகத்தின் தலைவராயிருந்த தோமஸ் பார்லோ என்பவரை நம்பினார். அவரும் முயன்றார், ஆனால் காரியம் கைகூடவில்லை.

மறைவும் அதன் பின்னும்

1666 ஏப்ரலில் ஜோர்ஜ் தோமசன் காலமானார். அவரது அடக்கத்தைக் குறித்து வைத்த ஒருவர் அவரை வறியவர் என்றே குறிப்பிட்டுள்ளார். வெளிநாட்டு நூல்களைக் கப்பல் கப்பலாக இறக்கிய வியாபாரி இறுதிக் காலத்தில் செல்வம் குன்றியிருந்தார் என்பது தெரிகிறது. அவர் மறைந்து ஐந்து மாதங்களில், செப்ரெம்பர் 2ஆம் திகதி, இலண்டனிலே பெருந்தீ மூண்டது. புனித பவுல் பேராலயம் எரிந்தது. வீதியிலிருந்த புத்தக வியாபாரிகள் பாதுகாப்பு என நம்பிப் பேராலயத்தின் நிலவறையில் அடைத்த நூல்கள் யாவும் சாம்பராயின. தோமசனின் தொகுதியோ தீயினின்றும் தப்பியது.

ஆனால் அதற்கு ஒரு நிலையான இடம் கிடைக்க மேலும் 96 ஆண்டுகள் சென்றன. மன்னருக்கெனச் சாமுவேல் மேர்ண் என்ற அரச நூல் கட்டுநர் அதனை வாங்கினார். மன்னரிடமிருந்து அதற்குரிய பணம் வரவில்லை. மேர்ண் இறந்தபின் 1684இல் அவரது விதவை மனைவிக்கு அதனை விற்க அனுமதி வழங்கப்பட்டது. வாங்குவார் எவருமில்லை. பெருஞ்சுமையாக அது அக்குடும்பத்தாரிடமே தலைமுறை தலைமுறையாகக் கிடந்தது. ஈற்றில் 1762ஆம் ஆண்டு மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் 300 பவுணுக்கு அதனை வாங்கி, அப்பொழுது புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த பிரித்தானிய நூதனசாலைக்கு அன்பளிப்பாக வழங்கினார். நாலாயிரத்துக்கும் கொடுக்கப்படாத பொருள் முந்நூறுக்குப் போயிற்று. ஆயினும் தோமசன் விரும்பியபடியே சிதறாமல் ஒரே இடத்தைச் சேர்ந்தது.

மன்னர் கொடுத்தமையால் நெடுங்காலம் அதற்கு மன்னரின் பிரசுரங்கள் என்றே பெயர் வழங்கியது. சேர்த்தவரின் பெயர் மறைந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோமஸ் கார்லைல் போன்ற பேரறிஞர்கள் அதனைப் பயன்படுத்தி வரலாறு எழுதியபோதுதான் அதன் அருமை உலகுக்குத் தெரிந்தது. 1908இல் நூதனசாலை அதற்கு இரு பாகங்களில் முழுப் பட்டியல் வெளியிட்டது. அப்பட்டியலில் தோமசனின் பெயரே முன் நின்றது. பிற்காலத்தில் நுண்படச் சுருளிலும், அதன்பின் கணினி வடிவிலும் அவை படியெடுக்கப்பட்டன. இன்று அத்தொகுதி இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் தோமசன் பிரசுரங்கள் என்ற பெயரோடு விளங்குகிறது. அவற்றுள் பலவற்றுக்கு உலகில் வேறு பிரதியே கிடையாது.

நாம் செய்யக்கூடியது

தோமசன் தாமாக வரலாற்று நூல் எதையும் எழுதியவரல்லர். பிறர் எழுதியவற்றைச் சேர்த்தார், நாள் குறித்தார், காத்தார், அவ்வளவே. அதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. நாள்தோறும் தவறாத ஒழுங்கும், மாற்றார் எழுத்தையும் மதித்து வைக்கும் மனமுமே வேண்டும்.

எமது ஊர்களிலும் இப்பணிக்கு இடமுண்டு. ஆண்டுதோறும் அச்சாகும் மகோற்சவ விஞ்ஞாபனங்கள், கும்பாபிஷேக மலர்கள், திருப்பணிச் சபைக் கணக்கறிக்கைகள், நாடக விளம்பரத் துண்டுகள், நினைவு மலர்கள், கல்வெட்டுகள், ஊர்ச்செய்தி வந்த பத்திரிகை நறுக்குகள் ஆகியன எத்தனை வீடுகளில் இன்று எஞ்சியுள்ளன? எம் பேரப்பிள்ளைகள், எந்த ஆண்டில் எந்தத் திருப்பணி நடந்தது, யார் யார் உபயகாரராக இருந்தனர், எந்த நாதஸ்வர வித்துவான் வந்து வாசித்தார் என்று கேட்டால் எதைக் காட்டுவது?

ஆகவே அடியார்கள் ஒன்று செய்யலாம். ஆலயத்திலிருந்து கிடைக்கும் அச்சுத் தாள் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை எறியாது வைத்திருங்கள். அதன் மேல் கிடைத்த நாளைப் பென்சிலால் எழுதுங்கள். இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள். கம்பி கறள் பிடித்துத் தாளைத் தின்றுவிடும். ஈரமும் வெயிலும் கறையானும் அணுகாத இடத்தில் தட்டையாக அடுக்கி வையுங்கள். உங்களிடம் இடமில்லையாயின் வாசிகசாலைக்கோ ஆலய அலுவலகத்துக்கோ கொடுங்கள். உங்களுக்கு உடன்பாடில்லாத சபையார் வெளியிட்டது என்பதற்காக ஒன்றைக் கிழித்துப் போடாதீர்கள். இம்மலரையும் அவ்வாறே ஒரு பிரதி எடுத்து, இன்றைய திகதியை எழுதி, பத்திரப்படுத்தி வையுங்கள்.